புதர்த் தவளை ஆய்வு: இரவில் படம் எடுப்பது எப்படி, இணையத்தில் எதுவரை பகிரலாம்?

கேள்வி | மழைத்துளி

வணக்கம் நண்பர்களே. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் புதர்த் தவளைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ராவோர்செஸ்டிஸ் பேரினம். களப்பணி இரவு 7 முதல் 10 வரை. இதுவரை அடையாளத்துக்கு மட்டும் படம் எடுத்தேன். வருகிற தென்மேற்குப் பருவமழையிலிருந்து ஒழுங்காக எடுத்து, தமிழில் குறிப்பு எழுதி இன்ஸ்டாகிராமிலும், உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் போடலாம் என்றிருக்கிறேன்.

கையில் இருப்பது கேனனின் ஆரம்பநிலை ஏபிஎஸ்-சி கேமரா, 18-55, 55-250 லென்ஸ்கள், ஒரு பழைய மேனுவல் ஃபிளாஷ். மேற்கொண்டு 15,000 ரூபாய்க்குள்தான் செலவு செய்ய முடியும்.

கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் இல்லாமல் 2 செ.மீ. தவளையை எப்படி எடுப்பது? இரண்டு, ஈரத் தோலில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளைப் புள்ளிகளாக எரிந்துபோகிறது, என்ன செய்வது? மூன்று, அழகான படமும் ஆய்வுக்குப் பயன்படும் படமும் ஒரே தடவையில் கிடைக்க எந்த வரிசையில் எடுக்க வேண்டும்? நான்கு, பதிவுக்குக் கீழே முதலில் வருகிற கேள்வியே "எந்த இடம்?" என்பதுதான். எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும்?

பதில் 1 | குறிஞ்சிக்காடு

மேக்ரோ லென்ஸ் இப்போது வேண்டாம். உங்கள் 55-250க்கு முன்னால் கவ்வி மாட்டுகிற ரேநாக்ஸ் குளோசப் லென்ஸ் போதும். அதில் 150, 250 என்று இரண்டு உண்டு. உருப்பெருக்கம் கூடுதல் என்பதற்காக எல்லோரும் 250ஐ வாங்கிவிடுகிறார்கள். தவளைக்கு அது சரிவராது, 150ஐ வாங்குங்கள். காரணம் எளிய கணக்கு. லென்ஸின் திறனை அளக்கும் அலகு டயாப்டர். 150ன் திறன் 4.8 டயாப்டர், 250ன் திறன் 8. லென்ஸின் குவியத்தை (ஃபோகஸை) முடிவிலியில் வைத்தால், பொருள் இருக்க வேண்டிய தூரம் மீட்டரில் 1ஐ டயாப்டரால் வகுத்தது. அதாவது 150க்குச் சுமார் 20 செ.மீ., 250க்கு 12.5 செ.மீ. 12 செ.மீ. வரை நெருங்கினால் தவளை குதித்துவிடும். அது பொறுத்துக்கொண்டாலும் லென்ஸே ஃபிளாஷ் வெளிச்சத்தை மறைக்கும்.

உருப்பெருக்கத்துக்கும் இதே எண்தான். மீட்டரில் குவியத்தூரம் பெருக்கல் டயாப்டர். ஜூமை 150 மி.மீ.யில் வைத்தால் 0.15 × 4.8 = 0.72. உங்கள் சென்சாரின் அகலம் 22 மி.மீ. சொச்சம், ஆகவே சட்டத்துக்குள் வருவது 31 மி.மீ. அகலம். 20 முதல் 25 மி.மீ. தவளை அதில் அளவாக உட்காரும், சுற்றிலும் கொஞ்சம் இலையும் தெரியும். 55-250ன் ஃபில்டர் வளையம் 58 மி.மீ., ரேநாக்ஸ் கவ்வி 52 முதல் 67 வரை பிடிக்கும். அடாப்டர் எதுவும் வேண்டாம்.

செட்டிங்: மேனுவல் மோடு, ஷட்டர் 1/200, லென்ஸ் துளை எஃப் 11 முதல் 16 வரை, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஃபிளாஷ் 1/16 திறனில் ஆரம்பியுங்கள். 1/16ல் ஃபிளாஷ் மின்னுகிற நேரம் மிகமிகக் குறைவு என்பதால் கை ஆட்டம் படத்தில் விழாது. டிரைபாட் தூக்க வேண்டியதில்லை. ஆட்டோ ஃபோகஸை அணைத்து, குவியத்தை முடிவிலியில் விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துக் கண்ணைக் கூர்மையாக்குங்கள். கூர்மையாக விழுகிற ஆழம் எஃப் 11ல் 1 மி.மீ. கூடக் கிடையாது, 16ல் சுமார் 1.3 மி.மீ. அதனால் தவளையை நேருக்கு நேர் எடுத்தால் மூக்கு கூர்மையாக விழும், கண் மங்கிவிடும். பக்கவாட்டில், சென்சாரும் தவளையின் விலாவும் இணையாக இருக்கும்படி நின்றால் மூக்கு முனை, கண், செவிப்பறை மூன்றும் ஏறத்தாழ ஒரே தளத்தில் வரும். எஃப் 22க்குப் போகாதீர்கள், ஆழம் கூடினாலும் மொத்தப் படமும் மசமசவென்று ஆகிவிடும்.

இப்போது வெள்ளைப் புள்ளி. ஈரத் தோல் கண்ணாடி மாதிரி. அதில் தெரிவது உங்கள் விளக்கின் பிம்பம். விளக்கு சின்னதாக இருந்தால் பிம்பம் சின்னதாக, கண்ணைக் கூசும்படி இருக்கும். ஃபிளாஷின் திறனைக் குறைப்பதால் இது தீராது, விளக்கைப் பெரிதாக்கினால்தான் தீரும். பொருள்களை பேக் செய்ய வருகிற பால்வெள்ளை ஃபோம் தாளை 20 × 15 செ.மீ. அளவில் வெட்டி, ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனைக்கு மேலே கூரைபோல வளைந்து வருமாறு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஒரே அடுக்கு போதாது. முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஒளி நடுவில் மட்டும் குவிந்துவிடும். சரியாக வந்ததா என்று பார்க்கத் தவளையின் கண்ணையே 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் ஒரு சீரான வெள்ளை ஜன்னல் தெரிந்தால் நல்லது. ஜன்னலின் நடுவே இன்னும் பளிச்சென்று ஒரு பொட்டு தெரிந்தால் இரண்டாவது தாளை இன்னும் தள்ளி வையுங்கள்.

பின்னணி கறுப்பாகப் போவது ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தில் சட்டென்று மங்குவதால். தவளைக்குப் பின்னால் 5 முதல் 10 செ.மீ. தூரத்தில் ஒரு இலை இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். இலையை ஒடித்துக்கொண்டு வந்து வைக்க வேண்டாம்.

வால்பாறை ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை நிச்சயம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, மூன்றும் சேர்த்தே பெரிய செலவில்லை. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவரும்போது ஜிப் பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். நீர் கோத்துக்கொள்வது பைக்கு வெளியே நடக்கட்டும்.

பதில் 2 | ஈரச்சருகு

குறிஞ்சிக்காடு சொன்ன கணக்கு சரி. வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேரினத்தில் அழகான ஒரே படத்தை வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்லவே முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 50க்கு மேற்பட்ட இனங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே முதுகு பச்சை, பழுப்பு, கோடு போட்டது என்று மாறும்.

முதலில் குரல். ஆண் கத்திக்கொண்டிருக்கும்போது விளக்கை நேராக அடிக்காமல், எட்ட நின்று குறைந்தது ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். சுருக்கப்படாத வேவ் வடிவம், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அந்த நேரத்துக் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெப்பத்தோடு கத்தும் வேகமும் மாறும். படம் எடுக்கப் போனபின் குரல் கிடைக்காது. நெருங்கியதும் கத்துவதை நிறுத்தும், மறுபடி எப்போது ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு, தொடாமல் இருந்த இடத்திலேயே: முழுப் பக்கவாட்டு, மேலிருந்து முதுகு, கண்ணும் செவிப்பறையும் நெருக்கத்தில், உட்கார்ந்திருக்கும் செடியும் தரையிலிருந்து உயரமும் தெரிகிற மாதிரி 18-55ல் ஒரு அகலப் படம். பலரும் இந்த அகலப் படத்தைத்தான் விட்டுவிடுவார்கள், வாழிடத்தைப் பற்றி எழுத உட்காரும்போது அதுதான் வேண்டியிருக்கும்.

கையாள அனுமதி இருந்தால் மட்டும்: விரல்நுனித் தட்டு, கால்விரல் இடைச்சவ்வு, தொடையின் உட்பக்கம், இடுக்குப் பகுதியின் நிறம், வயிறு. வயிற்றுக்குத் தவளையைப் புரட்ட வேண்டியதில்லை. ஈரமான தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, கீழிருந்து டப்பா வழியாக எடுங்கள். பக்கத்தில் மி.மீ. அளவுகோலும், நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டையும் ஒரே தளத்தில் இருக்கட்டும். முடிந்ததும் எடுத்த அதே இலையிலேயே விடுங்கள். ஒவ்வொரு தவளைக்கும் புது நைட்ரைல் கையுறை. ஒன்றின் தோல் நோய் இன்னொன்றுக்குப் போகாமல் தடுக்கத்தான் இது. ஒரு காட்டுத் துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, 70 சதவீத எத்தனால் தெளித்துக் காயவிடுங்கள்.

அட்டைப்பூச்சிக்காக உப்பைக் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் எல்லோருக்கும் உண்டு. தவளை ஆய்வில் அது கூடாது. காலிலிருந்து உதிரும் உப்பு சருகில் விழும், தவளையின் தோல் உப்பைத் தாங்காது. அட்டைச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையும் அப்படித்தான், கையுறை போடுமுன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

முட்டைகளைப் பற்றி. இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் தண்ணீரில் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். இலை மடிப்பில் இருக்கும் முட்டைக்கு அந்த ஈரம்தான் எல்லாம். இலையைத் திருப்பி, விரித்து, கிளிப் போட்டு எடுக்கிறார்கள். மடிப்பு விரிந்தால் ஈரம் போகும், முட்டை காயும். தெரிகிற கோணத்தில் இரண்டு மூன்று படம், அவ்வளவுதான். ஓக்லாண்ட்ரா மூங்கிலின் கணுவிடைக்குள் முட்டையிடும் ராவோர்செஸ்டிஸ் கலசோடிஸ் மாதிரியான இனங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சின்னத் துளை வழியாக ஆண் உள்ளே போய் முட்டைகளோடு இருக்கும். உள்ளே பார்க்க மூங்கிலைப் பிளந்தால் அந்த முட்டைத் தொகுதி அத்தோடு முடிந்தது. துளைக்குள் போகிற எண்டோஸ்கோப் கேமரா மலிவாகவே கிடைக்கிறது. அதே மாதிரி, விழுந்த மரக்கட்டைகளைப் புரட்டிப் பார்ப்பதும் கூடாது. அடியில் இருக்கும் ஈரமும் இடைவெளியும் திரும்ப அப்படியே அமையாது.

ஒரு தவளைக்கு மொத்தம் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணை சேர்ந்திருந்தால் அதிலும் பாதி.

ஒவ்வொரு இரவும் முதல் படமாக ஜிபிஎஸ் கருவியின் கடிகாரத்தை எடுங்கள். கேமரா கடிகாரம் எத்தனை நொடி பிசகியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒலிப்பதிவையும் படத்தையும் இடத்தையும் பின்னால் பொருத்த இது ஒன்றே போதும். ரா வடிவத்தில் (கேமராவின் மூலக் கோப்பாக) எடுங்கள். ராவைத் தொடாமல் வைத்து, பகிர்வதற்கான ஜேபெக்கை மட்டும் திருத்துங்கள். குறுக்கே வந்த இலையை ஏஐ கருவியால் அழித்த படம் ஆய்வுத் தொகுப்புக்குள் வரவே கூடாது.

பதில் 3 | திசைகாட்டி

நான்காவது கேள்விக்கு. இடம் கசிவது பெரும்பாலும் ஜிபிஎஸ் வழியாக அல்ல. இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தைப் பார்ப்பவருக்கு எக்ஸிஃப் தகவல் (படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் போன்றவை) கிடைக்காது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினாலும் அது நீங்கிவிடும். ஆனால் தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினாலோ, டிரைவ் இணைப்பாகக் கொடுத்தாலோ அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அப்படியே போகும். கோப்பின் பெயரில் எஸ்டேட் பெயரையும் தேதியையும் வைத்திருந்தால் அதுவும் கூடவே போகும். பகிர்வதற்கென்று தனிக் கோப்புறை வைத்து, அதற்குள் வருகிற எல்லாப் படத்திலும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் ஜிபிஎஸ் புலங்களை அழித்து, பெயரை வெறும் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

மற்ற கசிவுகள்தான் கவனிக்கப்படாதவை. பின்னணியில் எஸ்டேட் போர்டு, மைல்கல், கோயில் சுவர். ரீலில் ஓடை இரைச்சலுக்கு நடுவே உடன் வந்தவர் ஊர்ப் பெயரைச் சொல்வது. அன்றிரவே ஸ்டோரி போடுவது. தவளைப் படத்தில் இடத்தை மறைத்துவிட்டு, அதே மாலை எடுத்த இருவாச்சிப் பறவையின் படத்தில் இடத்தை எழுதுவது. இந்த நான்காவதுதான் ஆய்வாளர்களையே மாட்டிவிடும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்த பதிவுகளுக்கு தேதியைக்கூடக் காட்டாமல் மாதத்தோடு நிறுத்துவது இதனால்தான். ஒரே நாளில் நீங்கள் போட்ட மற்ற பதிவுகளை வைத்து யாரும் ஊகித்துவிடலாம். நீங்களும் களப்படங்களைச் சில வாரம் தள்ளி, வரிசையைக் கலைத்துப் போடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்டில் மூன்று நிலை உண்டு: திறந்தது, மங்கலாக்கியது, முழுக்க மறைத்தது. மங்கலாக்கினால் உண்மையான இடம் அடங்கிய 0.2 பாகை சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி தெரியும். நம் அட்சரேகையில் அது ஏறத்தாழ 22 கி.மீ.க்கு 22 கி.மீ. அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிட்ட பல இனங்களைத் தளமே மங்கலாக்கிவிடும், மற்றவற்றுக்கு நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக்க மறைப்பதால் பரவல் பற்றிய பயன் எதுவும் மிஞ்சாது, அபூர்வமாகவே அது தேவைப்படும். துல்லியமான இடம் வேண்டிய சக ஆய்வாளருக்கு மட்டும் பார்க்கும் அனுமதி கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் மறைக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. தோட்டத்து வேலியில் எங்கும் கத்துகிற இனத்தை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. இரண்டு வகையை மறையுங்கள். ஒன்று, விலைக்குப் போவது. சீனாவில் கோனியூரோசாரஸ் லூயி பல்லி 1999ல் விவரிக்கப்பட்டதும் சேகரிப்பாளர்கள் அந்த இடத்தைத் தேடிப் போய் வாரினார்கள். அதனால்தான் 2015ல் அதே பேரினத்தில் இரண்டு புதிய இனங்களை விவரித்தவர்கள் இடத்தைக் கட்டுரையிலேயே போடவில்லை. நம் பக்கத்தில் நட்சத்திர ஆமையும் போசிலோதீரியா சிலந்திகளும் இந்த வகை, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2019ல் ஆமை முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது, சிலந்திகள் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இரண்டாவது, கூட்டம் வந்தாலே கெட்டுப்போகும் இடம். உங்கள் தவளைகளுக்கு அபாயம் இதுதான். ஒரு ஓடைக்கரையில் பத்துப் பேர் டார்ச்சோடு ஒரு வாரம் நடந்தால் முட்டை இருந்த செடிகள் எல்லாம் மிதிபட்டுவிடும்.

"எந்த இடம்?" என்று கேட்பவரைத் துரத்த வேண்டாம். "ஆனைமலைப் பகுதி, சுமார் 1,000 மீட்டர் உயரம், மழைக்காட்டின் ஓரம்" என்று எழுதினால் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதுவே நிறைய. படத்துக்குக் கீழே இன்னொன்றும் எழுதுங்கள்: இருந்த இடத்தில் எடுத்ததா, டப்பாவில் வைத்து எடுத்ததா, அனுமதியோடு கையாண்டதா. வயிற்றுப்புறப் படத்தை வெறும் அழகுக்குப் போட்டால், பார்க்கிறவர் தானும் பிடித்துப் பார்க்கலாம் என்று நினைப்பார்.

உரிமம் பற்றி ஒரு வரி. ஐநேச்சுரலிஸ்டில் வழக்கமாக வருவது சிசி பை என்சி, அதாவது பெயர் குறிப்பிட்டு, வணிகமல்லாத வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம். அது உலகப் பல்லுயிர்த் தரவுத்தளமான ஜிபிஐஎஃப்புக்குப் போகும், விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா காமன்ஸுக்குப் போகாது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு உங்கள் படம் உதவ வேண்டுமென்றால் சில நல்ல படங்களையாவது வணிகப் பயனையும் அனுமதிக்கும் சிசி பை எஸ்ஏ உரிமத்தில் காமன்ஸில் ஏற்றுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, ஆய்வு நெறியாளரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பதில் 4 | சோலையோரம்

அனுமதிச் சீட்டை முதலில் எடுத்துப் படியுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28வது பிரிவில் ஆய்வும் படப்பிடிப்பும் தனித்தனி நோக்கங்கள். ஆய்வுக்கு மட்டும் கேட்டு வாங்கிய சீட்டைக் காட்டி இன்ஸ்டாகிராம் ரீலை நியாயப்படுத்த முடியாது. படம் எடுப்பது, பொதுவெளியில் பகிர்வது, இரவில் நுழைவது, உடன் வருபவரின் பெயர், ஒவ்வொன்றும் விண்ணப்பத்தில் எழுத்தில் இருக்கட்டும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் காட்டுத் துண்டுகளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் வேண்டும்.

இன்னொன்று, குனிந்து லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யானை வருவது காதில் விழாது. ஓடை இரைச்சலில் சுத்தமாக விழாது. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கிறது, கிளம்புமுன் பாருங்கள். ஒருவர் படம் எடுத்தால் மற்றவர் படம் எடுக்கக் கூடாது, நின்று கவனிப்பது மட்டும்தான் அவர் வேலை.

மழைத்துளி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரேநாக்ஸ் 150 என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. ஏற்கெனவே திறந்த இடத்தோடு ஐநேச்சுரலிஸ்டில் போட்டவற்றை இப்போது மாற்றினால் பயன் உண்டா? பெயர் தெரியாத, புது இனமாக இருக்கலாம் என்று தோன்றுகிற தவளையின் படத்தைப் போடலாமா?

பதில் 5 | திசைகாட்டி

மாற்றுங்கள். தளத்தில் உடனே மாறும், ஜிபிஐஎஃப்பில் அடுத்த புதுப்பிப்பில் மாறும். ஏற்கெனவே தரவை இறக்கி வைத்திருப்பவர் கையில் இருப்பது மாறாது. அதனால் அந்த இடங்களை "வெளியே தெரிந்தவை" என்று உங்கள் குறிப்பேட்டில் தனியாகக் குறித்து, அடுத்த பருவத்தில் அங்கே மிதிபட்ட தடம், ஒடிந்த கிளை இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்புப் பெட்டியில் இடப் பெயரைக் கையால் எழுதியிருந்தால் அதையும் நீங்களே அழிக்க வேண்டும், மங்கலாக்கும் வசதி அதைத் தொடாது.

பதில் 6 | ஈரச்சருகு

புது இனம் என்று தோன்றுவதைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் "ராவோர்செஸ்டிஸ், இனம் உறுதியாகவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். மனதில் வைத்திருக்கும் பெயரைத் தலைப்பிலோ ஹேஷ்டேக்கிலோ எழுதவே கூடாது. முறைப்படி விவரிக்காமல் வெளியே போன பெயர் செல்லாத பெயராகச் சுற்றிக்கொண்டிருக்கும், பிறகு நீங்கள் விவரிக்கும்போது குழப்பம் வரும். "முதன்முறையாக" என்ற சொல்லும் வேண்டாம். அந்தத் தவளைக்கு இப்போது தேவை இன்னும் ஐந்தாறு ஆண்களின் குரல்பதிவும், ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையும். ஜூனில் மழை பிடித்ததும் அதை முதலில் முடியுங்கள்.